இருநூற்றுப் பன்னிரண்டாம் கொக்கி

ரீகா நகரத்து நாடக அரங்கில்
டிக்கெட் விற்கும் கணினி
தினமும் இரவு ஒன்பதே காலுக்குச் செத்துப்போகும்.
அணைத்துப் போட்டால் பிழைத்துக்கொள்ளும்.
மறுநாள் மறுபடி சாவு.
என்னவென்று பார்க்க என்னை அழைத்தார்கள்.
உட்கார இடம் தந்தது
கோட்டுகள் மாட்டும் அறையின் மூலையில்.

வெளியே மைனஸ் பதினான்கு.
உள்ளே முந்நூறு கொக்கிகள், ஒரே ஒரு விஸ்மா.
கோட்டை வாங்குவாள், மாட்டுவாள்,
பித்தளை வில்லை ஒன்றை நீட்டுவாள்.
வில்லையில் எண் மட்டும்.
தொங்குவது நரித்தோலா நைலானா
வில்லைக்குத் தெரியாது.
தெரியவும் வேண்டாம்.

பதினோரு வருடமாக என் பிழைப்பும் இதுதான்.
புரோகிராம் இடம் கேட்கும்,
நினைவகம் ஓர் எண்ணைக் கொடுக்கும்,
எண்ணைத் தொலைக்காமல் வைத்திருப்பது
கேட்டவன் பாடு.
ஆனாலும் இதை இவ்வளவு ஈரமாக
நான் பார்த்ததில்லை.

ஸ்ட்ராஸ்தின்ஷ் குடும்பத்தார் ஐந்து பேர்.
ஐந்து கொக்கியும் அடுத்தடுத்து வேண்டுமாம்.
காலியாக முப்பது இருந்தன,
இங்கொன்றும் அங்கொன்றுமாக.
"இடம் இருக்கிறது. இடம் இல்லை" என்றாள் விஸ்மா.
இரண்டும் உண்மை.

கூட்டம் ஏறியதும்
வாத்தியக்காரர்களின் கோட்டுகளை அள்ளிக்கொண்டு
நிலவறைக்கு இறங்கினாள்.
அவர்கள் பதினொரு மணிவரை எழுந்திருக்கமாட்டார்கள்.
நாற்பது படி.
நெருக்கடியில் கணினியும்
தூங்குவதையெல்லாம் வட்டுக்கு அனுப்பிவிடும்.
திரையில் சின்ன வட்டம் சுற்றச் சுற்ற
நாம் பல்லைக் கடிக்கிறோமே,
அது அப்போது படியேறிக்கொண்டிருக்கிறது.

ஒருவர் கோட்டை வாங்கிப் போனார்.
கொக்கி காலி என்றுதான் கணக்கு.
கீழே அவருடைய பனி உருகி
சின்னக் குளமாக நின்றது.
விடுவிப்பது வேறு, துடைப்பது வேறு.
அடுத்து வருபவர் பார்க்கலாம்,
முன்னவர் என்ன நடந்து வந்தார் என்று.

இடைவேளையில் ஒரு கிழிசல்.
போன மார்கழியில் கோட்டை வாங்கிக்கொண்டு
வில்லையைத் திருப்பித் தராமல் போன மனிதர்
பழைய 212-ஐ நீட்டினார்.
மாற்று வில்லை அடித்து
அந்தக் கொக்கி எப்போதோ வேறொருவருக்குப் போயிருந்தது.
விஸ்மா நிலவறையில்.
உதவிக்கு நின்ற பையன் எண்ணைப் பார்த்தான், எடுத்துக் கொடுத்தான்.
அவர் மாட்டிக்கொண்டு
பையில் கைவிட்டார்.
யாரோ ஒருத்தியின் வீட்டுச் சாவி.
முகம் வெளுத்துப் போனது அவருக்குத்தான்.
எண் சரி. காலம் தப்பு.

கடைசி வரிசையில் 87-இல்
சாம்பல் நிறக் கோட்டொன்று. மூன்று குளிர்காலமாக.
வில்லை தௌகவா ஆற்றில் விழுந்திருக்கலாம்.
கோட்டு இருக்கிறது,
கோட்டுக்குப் போகும் வழி இல்லை.
அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
பிறகு திரைக்குத் திரும்பினேன்.

ரத்தாகும் டிக்கெட் ஒவ்வொன்றுக்கும்
அரங்கத்தின் முழு வரைபடத்தையும்
புரோகிராம் எங்கோ மாட்டிவிட்டு
எண்ணை மறந்துகொண்டிருந்தது.
ஒரு ரத்து, ஒரு சாம்பல் கோட்டு.
ஒன்பதே காலுக்குக் கொக்கி தீரும்.
ஒரே வரிதான் விடுபட்டிருந்தது:
திருப்பிக் கொடு.
எழுதினேன்.
ஒன்பதே கால்.
ஒன்பது பதினாறு.
யாரும் கைதட்டவில்லை; நாடகம் நடந்துகொண்டிருந்தது.

கிளம்பும்போது
என் வில்லையைக் காணோம்.
மேசைக்கடியில், கம்பிகளுக்குள், செருப்புக்குள்
எங்கும் இல்லை.
நான் எழுதிய சட்டப்படியே
யார் கையிலும் எண் இல்லாதது குப்பை.
ஏதோ ஒரு கொக்கியில் என் கோட்டு
குப்பையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

விஸ்மா எண்ணைக் கேட்கவில்லை.
"இடப்பக்கப் பையில் என்ன இருக்கும்?" என்றாள்.
இத்தனை வருடத்தில்
எந்த நினைவகமும் என்னைக் கேட்காத கேள்வி.
டிராம் சீட்டு.
கறுப்பு ரொட்டி, பாதி கடித்தது.
ஒற்றைக் கையுறை.

வரிசை வரிசையாகப் பைகளைத் தடவிக்கொண்டு போனாள்.
ரொம்ப நேரமாயிற்று.
கோட்டை நீட்டியபடி
இன்னொரு கையுறை எங்கே என்றாள்.
அதுதான் எனக்கும் தெரியவில்லை.